காண்போரும் களரியும்: பொதுவியற் கூத்தின் அவை பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்க் கூத்தைப் பற்றி எழுதப்பெற்ற நூல்களும் கட்டுரைகளும் பலவாம். அவை கூத்தின் பெயரும் வகையும் கூறும். அரங்கின் அளவு கூறும். ஆடுவோர் அணியும் முடியும் புயக்கட்டையும் கூறும். பாடுதற்குரிய விருத்தமும் தருவும் கூறும். ஆயின், கூத்தைக் காண வந்திருப்போர் யாவர், அவர் காணுமாறு எங்ஙனம், கண்டதனால் அவர்பால் நிகழ்வது யாது என்னும் வினாக்களுக்கு அந்நூல்களிற் கிடைக்கும் விடை மிகச் சிறிது. ஆடுவோன் ஒருவன் இருப்பினும், காண்போர் இல்வழி அது பயிற்சியாகுமேயன்றிக் கூத்தாகாது. அங்ஙனமாகவும், கூத்தின் செம்பாதியாகிய காண்போரை விடுத்து எஞ்சிய பாதியை மட்டும் ஆராய்ந்து வந்துள்ளோம். இக்குறை முழுவதையும் ஒரு கட்டுரையால் நிரப்புதல் அரிது. கூத்து இன்றும் வழங்கும் ஒரு நிலப்பகுதியை முன்னிறுத்தி, நம் பழைய நூல்கள் காண்போரைப் பற்றிக் கொண்ட கருத்தை அதனோடு ஒப்பிட்டு நோக்குதலே ஈண்டு எம் நோக்கமாகும்.

1. நிலமும் விழாவும்

ஓசூரினின்று இராயக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் உத்தனப்பள்ளி. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1965-இல் தருமபுரி மாவட்டத்தின்பாற்பட்டு, 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டத்துள் அடங்கிய நிலம் இது. கன்னட நாட்டின் எல்லை அணித்தே உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குதல் இப்பகுதிக்கு இயல்பு. ஒரு பக்கம் கேழ்வரகும் தக்காளியும் விளையும் வயல்கள். மற்றொரு பக்கம் 1970-களுக்குப் பின் ஓசூரைச் சூழ வளர்ந்த தொழிற்சாலைகள்.

இம்மாவட்டத்திலும் இதனை அடுத்த தருமபுரி மாவட்டத்திலும் சிற்றூர் பலவற்றில் மகாபாரத விழா எடுக்கப்படுகின்றது. திரௌபதியம்மன் கோயிலை நடுவாகக் கொண்ட இவ்விழா பதினெட்டு நாளோ அதனின் மிக்கோ நடைபெறும். பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைச் சொற்பொழிவாளர் ஒருவர் பாடிப் பொருள் விரிப்பர். இரவில் அக்கதையே கூத்தாக ஆடப்பெறும். பகலிற் செவியாற் கேட்டதனை இரவிற் கண்ணாற் காண்கின்றனர் ஊரவர். ஈற்றில் படுகளமும் தீமிதியும் நிகழும்.

இவ்விழாவிற்கு எடுத்த அரங்கம் என ஒரு கட்டடம் இல்லை. கோயிலின் முன்னர் உள்ள வெளியே களரி. இருவர் பிடிக்கும் துணியே திரை. ஒரு பக்கத்து விசிப்பலகையே இசைவாணர்க்கு இருக்கை. எஞ்சிய பக்கங்களில் தரையில் அமர்ந்தோர் அவையினர். சுவரும் கதவும் கூரையும் இல்லாத இச்சிறு களரியைத் தமிழகத்தின் தொன்மையான நாடகசாலைகளுள் ஒன்றாகக் கருதுதல் தகும். அதன் தொன்மை கல்லிலும் மரத்திலும் இல்லை. ஆண்டுதோறும் அதே இடத்திற் கூடும் மக்களிடத்தே உள்ளது.

2. செயிற்றியனார் வகுத்த இலக்கணம்

காண்போரைப் பற்றித் தமிழில் தோன்றிய இலக்கணங்களுள் மிகத் தெளிவானது செயிற்றியனாருடையது. அவர் செய்த நாடகநூல் இன்று கிடைத்திலது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட இளம்பூரணர் காட்டும் மேற்கோள்களாலேயே அதனை அறிகின்றோம். ஆடுவோன் செய்து காட்டியது காண்போரிடத்துச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பது அவர் கருத்து. நகை முதலாக உவகை ஈறாகத் தொல்காப்பியர் கூறிய எட்டும் ஆடுவோன் உடலிற் பிறந்து அங்கேயே முடிவன அல்ல. அவை காண்போரை அடைந்த பின்னரே நிறைவெய்தும் என்பது இதனாற் பெறப்படும்.

இஃது எளிய கூற்றுப்போலத் தோன்றினும் ஆழ்ந்த நுட்பம் உடையது. யவன நாட்டு அரிசுட்டாட்டிலும் அவலநாடகத்தின் பயனைக் காண்போரது இரக்கத்தையும் அச்சத்தையும் கொண்டே வரையறுத்தார். ஆகவே, கூத்தின் முடிவிடம் காண்போர் உள்ளமே என்பதில் இரு நாட்டுப் புலவோரும் ஒத்தனர் எனலாம்.

ஆயினும், செயிற்றியனார் இலக்கணத்தில் இயக்கம் ஒருவழிப்பட்டது. ஆடுவோன் செய்கின்றான், காண்போன் பெறுகின்றான். பெற்றவன் அதன்பின் என் செய்கின்றான் என்பது அவ்விலக்கணத்துள் இடம்பெறவில்லை. இவ்வரையறை எல்லாக் கூத்துக்கும் பொருந்துமா, ஒருவகைக் கூத்துக்கு மட்டும் பொருந்துமா என்பதே நாம் ஆராய வேண்டுவது. அதற்குச் சிலப்பதிகாரம் துணைசெய்கின்றது.

3. சிலம்பு காட்டும் ஈரவை

கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகப் பகுத்தல் பண்டை மரபு. வேந்தர்க்கென ஆடுவது வேத்தியல்; எல்லார்க்கும் ஆடுவது பொதுவியல். இவ்விரண்டனையும் இளங்கோவடிகள் ஒரே காப்பியத்துள் காட்டினார். ஆயின், ஆராய்ச்சியாளர் கண் பெரும்பாலும் முதலதன் மேலேயே நின்றது.

அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையது அவ்வரங்கு. நூன்முறை வழுவாமல் நிலம் தேர்ந்ததும், மூவகை எழினி அமைத்ததும், தூணின் நிழல் இடையில் விழாதவாறு விளக்கு வைத்ததும் ஆண்டுக் கூறப்படும். ஆடல் முடிந்தபின் மாதவி அரசனால் தலைக்கோற் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். இங்குக் காண்போரின் தொழில் யாது? காணுதல், மதித்தல், பரிசளித்தல். அரங்கு ஒருபுறம், அவை மறுபுறம். இரண்டற்கும் இடையே எழினி உண்டு. எழினி நீங்கிய பின்னும் எல்லை உண்டு. செயிற்றியனார் இலக்கணம் இவ்வவைக்கு முற்றும் பொருந்தும்.

வேட்டுவ வரியோ முற்றிலும் வேறு. மதுரைக்குச் செல்லும் வழியில், நடந்து கால் நொந்த கண்ணகி, கணவனோடும் கவுந்தியடிகளோடும் ஐயை கோட்டத்தின் ஒருபால் இளைப்பாறுகின்றாள். எயினர் குடிப்பிறந்த குமரி ஒருத்தியைக் கொற்றவையாகக் கோலஞ்செய்து அம்மக்கள் வழிபடுகின்றனர். கண்ணகி அவ்வூராளும் அல்லள்; ஆட வந்தவளும் அல்லள். வழியிடைத் தங்கிக் காணும் ஒருத்தி அவள். ஆயினும், தெய்வமுற்ற சாலினி அவளை நோக்கி, கொங்கர்க்கும் குடமலை நாட்டார்க்கும் தென்றமிழ்க்கும் உரியவளாக அவளைப் புகழ்ந்துரைக்கின்றாள். கண்ணகி நாணுகின்றாள், முதியவள் அறியாது மொழிந்தாள் என்று கூறிக் கணவன் முதுகின் பின்னே ஒடுங்கிப் புன்முறுவல் பூக்கின்றாள்.

இப்பகுதியைக் கண்ணகியின் பிற்காலப் பெருமைக்கு முன்னறிவிப்பாகவே உரைப்பது வழக்கம். அது பொருத்தமே. ஆயின், கூத்தின் நோக்கிற் பார்க்குமிடத்து, இதனுள் வேறொன்றும் புலனாகின்றது. பொதுவியல் அரங்கு காண்போனைத் தன் இடத்தில் அமைதியாக இருக்க விடுவதில்லை. அஃது அவனைப் பெயர்சொல்லி விளிக்கும். அவனுக்கும் ஒரு பாத்திரம் வகுக்கும். கண்ணகி அதனை ஏற்க மறுத்து ஒடுங்கினாள். எனினும் காப்பியம் முடிவதற்குள் அப்பாத்திரமே அவளாயிற்று. மாதவியின் அவையினர் ஆடல் கண்டு மீண்டனர். கண்ணகியோ தான் கண்ட கூத்தினுள்ளே ஈர்க்கப்பெற்றாள். வேத்தியலில் காண்போன் பெறுபவன். பொதுவியலில் காண்போன் அழைக்கப்படுபவன். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

4. களரியில் காண்போர்

பாரதக் கூத்தினை இவ்வளவுகோலால் நோக்குவாம். அதனுள் காண்போர் அழைக்கப்படும் இடங்கள் பல. அவற்றுள் நான்கினை ஈண்டுக் கூறுதல் அமையும்.

முதலாவது, கட்டியக்காரன். பாத்திரங்களின் வரவை அறிவிப்போனும், அரசனை வினவுவோனும், நகை விளைப்போனும் இவனே. இவன் கதைக்குள்ளும் நிற்பான். கதைக்கு வெளியே அவையோரோடும் நிற்பான். துரியோதனனிடம் பேசும்போதே ஊரின் நீர்த்தட்டுப்பாட்டையும் விலையேற்றத்தையும் அவையோர்க்குச் சொல்லி நகுவிப்பான். விருத்தமும் தருவும் செய்யுள் மொழியில் அமைய, இவன் பேச்சு அவ்வவ்வூர் வழக்கில் அமையும். மும்மொழி வழங்கும் எல்லைப் பகுதியில் இதன் பயன் பெரிது. செருமானிய நாடக ஆசிரியர் பிரெக்ட், 1935-இல் மாசுகோவில் சீன நடிகர் மெய் லான்பாங்கின் ஆடலைக் கண்டு, காண்போர் தம்மை மறவாது கதையை எடைபோடுதற்குரிய நடிப்பு முறையைக் கீழ்த்திசையில் கண்டதாக 1936-இல் எழுதினார். நம் கட்டியக்காரன் அப்பணியை நெடுங்காலமாகச் செய்துவருகின்றான். ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. பிரெக்ட் காண்போரைக் கதையினின்று விலக்கிச் சிந்திக்கச் செய்ய விரும்பினார். கட்டியக்காரன் அவரை நகைக்கச் செய்து விலக்குவான். அடுத்த நொடியே துயரத்தினுள் மீண்டும் புகச்செய்வான்.

இரண்டாவது, துகிலுரிதல். துச்சாதனன் வேடம் பூண்டோன் திரௌபதியின் ஆடையைப் பற்றுதற்கு முன் கர்ப்பூரம் ஏற்றி அம்மனை வணங்குதல் பல ஊர்களில் வழக்கம். ஆடுவோனே தான் ஆடவிருக்கும் செயலுக்கு அஞ்சுகின்றான். அவையில் அமர்ந்தோருள்ளும் சிலர் தெய்வமுறுவர். அவ்விடத்தில் அவையோர் காண்பது ஒரு பாத்திரத்தின் துன்பமன்று. தம் தெய்வத்திற்கு நேர்ந்த இழிவு. அதனைக் கைகட்டிக் கண்டிருத்தல் அவர்க்கு எளிதன்று. பாண்டவரும் வீடுமனும் வாய்மூடியிருந்த அந்த அவையில் தாமும் இருப்பதாக அவர் உணர்கின்றனர். சான்றோர் நிறைந்த அவை ஒன்று வாளாவிருந்தமையே இக்கதையின் பெரும்பிழை. அப்பிழையைக் காணும் அவையையும் அதே வினாவின்முன் நிறுத்துகின்றது கூத்து.

மூன்றாவது, அருச்சுனன் தபசு. களரியின் நடுவே உயர்ந்த மரம் ஒன்று நாட்டப்படும். அருச்சுனன் வேடம் பூண்டோன் படிதோறும் பாடிக்கொண்டே அதன் உச்சிக்கு ஏறுவான். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம் பழத்தையும் வில்வத்தையும் திருநீற்றையும் பெறுதற்கு மகப்பேறு வேண்டும் மகளிர் கீழே மடியேந்திக் காத்திருப்பர். பாசுபதக் கணை வேண்டித் தவஞ்செய்யும் கதைமாந்தன் ஒருவன் மேலே; மகவு வேண்டி நோற்கும் மெய்யான மகளிர் கீழே. இருவர் வேண்டுதலும் ஒரே மரத்தில் சந்திக்கின்றன. செயிற்றியனார் கூறியவாறு ஆடுவோன் செய்தது காண்போரை அடைந்தது. அதனோடு நில்லாது, காண்போர் கொண்டுவந்த ஏக்கம் ஆடுவோனையும் அடைந்தது. அம்மகளிர் முகங்களைக் கண்டு ஏறுபவனுக்கு அம்மரம் வெறும் மேடைப்பொருளாக இருத்தல் அரிது.

நான்காவது, படுகளம். பதினெட்டாம் போர் என்னும் கூத்து இரவெல்லாம் நடந்து விடியலில் முடியும். முடிந்தபின் பீமனும் துரியோதனனும் வேடம் களையாமலே களரியை விட்டு வெளிக்கு வருவர். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் உருவம் பல முழ நீளத்திற்கு மல்லாந்து கிடக்கும். ஊரே அவரோடு நடந்து சென்று அவ்வுருவத்தைச் சூழ்ந்து நிற்கும். பீமன் தொடையிற் புடைக்க, ஆண்டு வைத்த செந்நீர் வெளிப்படும். திரௌபதியின் விரித்த கூந்தல் முடிக்கப்பெறும். இரவில் தரையில் அமர்ந்திருந்தோர் காலையில் குருக்கேத்திரத்தில் நிற்கின்றனர். எழினியும் இல்லை, எல்லையும் இல்லை. காண்போர் இடம்பெயர்தலாலேயே கூத்து நிறைவெய்துகின்றது.

5. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். மேற்கூறிய அனைத்தும் வழிபாட்டின் கூறுகளேயன்றிக் கலையின் கூறுகள் அல்ல. ஆண்டுக் கூடியிருப்போர் அடியவரேயன்றிச் சுவைஞர் அல்லர். ஆதலின் அவர் நுகர்ச்சியைத் திறனாய்வின்பாற் படுத்தல் பொருந்தாது என்பர் சிலர்.

இத்தடை வலியுடையதன்று. களரியைச் சூழ்ந்த அவை எடைபோடாத அவை அன்று. கதை முழுவதும் முன்னரே அறிந்தவர் அவர். அடுத்து என்ன நிகழும் என்பதற்காக அவர் விழித்திருப்பதில்லை. எங்ஙனம் நிகழும் என்பதற்காகவே விழித்திருக்கின்றனர். கர்ணன் வேடத்திற்கு இவர், திரௌபதி வேடத்திற்கு அவர் என ஆண்டுகள் பலவாகக் கண்ட ஆடுவோரை ஒப்பிட்டுப் பேசுவர். குரல் தளர்ந்த இடத்தில் அவை கலையும். நன்கு பாடிய தருவிற்கு அன்பளிப்புப் பணம் வரும். இடையில் சிறுவரும் முதியோரும் உறங்குதலை அறியாமை என எண்ணுதல் தவறு. உறங்குவோர், வேண்டிய கட்டம் வந்தவுடன் தம்மை எழுப்புமாறு அருகிலிருப்போரிடம் சொல்லிவிட்டே உறங்குவர். எக்கட்டத்திற்கு எழவேண்டும் என்று அறிந்திருத்தலும் சுவையறிவின் ஒரு கூறேயாம்.

வடமொழிப் பரதரும் இதனை உணர்ந்திருந்தார். நாட்டிய சாத்திரத்தின் இருபத்தேழாம் இயல் ஆடலின் வெற்றியை மானுட வெற்றி, தெய்விக வெற்றி என இரண்டாக்கும். முறுவலும் நகையும் பாராட்டுச் சொல்லும் மெய்ம்மயிர் பொடித்தலும் இருக்கைவிட்டு எழுதலும் முன்னதன் அடையாளங்கள். அவை நிறைந்திருந்தும் ஓசையின்றி அசைவற்றிருத்தல் பின்னதன் அடையாளம். காண்போர் நிலையையே ஆடலின் அளவுகோலாகக் கொண்ட நூல் அது. வழிபாடும் சுவையும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் எண்ணம் அதனுள் இல்லை. பாரதக் கூத்தின் அவையிலும் அவை விலகி நிற்கவில்லை.

மொழி பற்றிய செய்தியும் ஈண்டு நோக்கத்தக்கது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோரும் இப்பகுதியில் தமிழ்க்கூத்தின் அவையில் அமர்கின்றனர். செய்யுட் சொல் முற்றும் விளங்காத இடத்தும் மெய்ப்பாடு அவரை அடைகின்றது. எல்லைக்கு அப்பாலும் இதனோடு உறவுடைய விழா உண்டு. பெங்களூரில் தருமராயசாமி கோயிலை நடுவாகக் கொண்டு திகளர் எடுக்கும் கரக விழாவும் திரௌபதி வழிபாடே. ஆட்சி எல்லையும் மொழி எல்லையும் அவையின் எல்லைகள் ஆகா.

6. காண்போராதற்கு உரியார் யாவர்

ஆயினும், பொதுவியல் என்னும் பெயரைக் கொண்டே அவை பொதுவாயிருந்தது என முடிவுசெய்தல் ஆராய்ச்சியாகாது. கதவில்லாக் களரிக்கும் வாயிற்படி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. யார் முன்னே அமர்வது, யார் விலகி நிற்பது, யார் கோயிலுள் புகுவது என்பவற்றைச் சாதி வரையறுத்த ஊர்கள் பல. 2023-இல் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயில், பட்டியல் இன மக்கள் உட்புகுதல் பற்றிய பூசலின் காரணமாக அரசு அலுவலரால் பூட்டி முத்திரையிடப்பட்டதை நாடறியும். அவையில் இழிவுபடுத்தப்பட்ட ஒருத்தியின் கதையை வழிபடுவோர், மற்றொருவரை அவையினின்று விலக்குதல் அக்கதைக்கே மாறாகும். கூத்தின் இயல்பைப் போற்றுவோர் இதனை மறைத்துப் போற்றுவராயின் அது புகழ்ச்சியாகுமேயன்றித் திறனாய்வு ஆகாது. காண்போன் அழைக்கப்படுதலே பொதுவியலின் உயிர் என்றால், அழைப்பு எல்லார்க்கும் செல்லாத இடத்தில் அக்கூத்து பொதுவியலாக நிறைவெய்தவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

7. இற்றை நிலை

இன்று தெருக்கூத்திற்கு நகரத்திலும் இடம் கிடைத்துள்ளது. சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் நிறுவிய கூத்துப்பட்டறையும், புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்ற ஆசிரியர்களின் உழைப்பும் இதற்குத் துணைநின்றன. இதனால் கூத்துக்கு வந்த மதிப்பை நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஆயின், மண்டபத்து மேடையில் இரண்டு மணி நேரத்திற்குச் சுருங்கிய கூத்து, பொதுவியலினின்று வேத்தியலுக்கு மாறிய கூத்தாகும். முடியும் புயக்கட்டையும் முகவீணையும் மாறாதிருப்பினும், அவை மாறிவிடுகின்றது. இருக்கையில் அமர்ந்தோர் காண்பர், மதிப்பர், கைதட்டிப் பரிசளிப்பர். மடியேந்தார், படுகளத்திற்கு நடவார். இதனைக் குறை என்பதன்று எம் கருத்து, வேறு என்பதே. அவ்வேறுபாடு உணராமல், மேடையிற் கண்டதைக் கொண்டு களரிக் கூத்தை அளத்தலும், அச்சிட்ட கூத்துநூலைப் படித்து அதன் சுவை இவ்வளவே எனக் கூறுதலும் பிழையாகும்.

ஓசூர்ப் பகுதியில் இம்மாற்றம் வேறொரு வழியாலும் வருகின்றது. இரவுமுறைப் பணிக்குச் செல்வோன் விடியும்வரை அவையிலிருத்தல் இயலாது. பதினெட்டு நாள் விழாவிற்கு உழவின் ஓய்வுக்காலம் வேண்டும். தொழிற்சாலையின் நாட்காட்டியில் அத்தகைய ஓய்வு இல்லை. உத்தனப்பள்ளியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த உழவர்கள், தொழிற்பேட்டைக்கென விளைநிலம் எடுக்கப்படுதலை எதிர்த்து 2023-இல் அறவழியில் போராடினர். அது வாழ்வாதாரம் பற்றிய போராட்டம். கூத்தைப் பற்றியது அன்று. ஆயினும், கூத்தாராய்வார் அதினின்று அறியத்தக்கது ஒன்று உண்டு. மாதவியின் அரங்குக்கு முதற்கண் செய்தது நிலம் தேர்தல். பொதுவியற் கூத்துக்கும் நிலமே முதல். படுகளத்திற்குத் திறந்த வெளி வேண்டும். அவ்வெளியைச் சூழ்ந்து நிற்க ஒரே ஊரில் நிலைத்து வாழும் மக்கள் வேண்டும். இவ்விரண்டும் இல்வழி, ஆடுவோரும் பாடலும் எஞ்சினும் கூத்து எஞ்சாது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. செயிற்றியனார் வகுத்த மெய்ப்பாட்டிலக்கணம் வேத்தியலவைக்கு முற்றும் பொருந்துவது. பொதுவியலவைக்கு அது தொடக்கமே. ஆண்டு, ஆடுவோன் செய்தது காண்போரை அடைந்து, காண்போரை எழுப்பி, மீண்டும் ஆடுவோனை வந்தடைகின்றது. இதற்குச் சான்று வேட்டுவ வரியிலேயே உண்டு. பாரதக் கூத்தின் களரியில் இன்றும் உண்டு. ஆதலின், கூத்தினைத் தொகுப்போர் பாடலையும் ஒப்பனையையும் தொகுப்பதோடு அமையாது, காண்போர் சொல்வனவற்றையும் செய்வனவற்றையும் உடன் தொகுத்தல் வேண்டும். எக்கட்டத்திற்கு எழுந்தனர், எங்கே நகைத்தனர், யார் எங்கே அமர்ந்தனர், யார் அமர இடம்பெறவில்லை என்பனவும் கூத்தின் பாடமேயாம். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக. பாடல்களை ஏட்டிலிருந்தேனும் மீட்கலாம். கலைந்த அவையை மீட்க ஏடு இல்லை.